சிங்கப்பூர் சில்லி கிராப்: பேரை நம்பி உட்காராதீர்கள்

ஊரிலிருந்து யார் வந்தாலும் மூன்றாம் நாள் சாயங்காலம் அவர்களை ஈஸ்ட் கோஸ்ட் பக்கம் அழைத்துப்போவது எங்கள் வீட்டு வழக்கமாகிவிட்டது. மரினா பே பார்த்தாயிற்று, முஸ்தபாவில் பெட்டி நிறைய வாங்கியாயிற்று, இனி சில்லி கிராப் ஒன்றுதான் பாக்கி. போன வருஷம் வந்த சித்தப்பா நாகப்பட்டினத்துக்காரர். நண்டு விஷயத்தில் அவருக்கு யாரும் பாடம் எடுக்க முடியாது. தட்டு வந்ததும் விரலால் குழம்பைத் தொட்டு நாக்கில் வைத்தார். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "என்னடா தம்பி, நண்டுல சர்க்கரையைக் கொட்டி வச்சிருக்கான்?" என்றார்.

அவர் கேட்டதில் தப்பில்லை. வரும் வழியிலேயே நான் சொல்லியிருக்க வேண்டும். இந்தச் சாப்பாட்டில் பேர் ஒன்று சொல்லும், தட்டு வேறொன்று சொல்லும். மிளகாய் நண்டு என்பார்கள், காரம் கம்மி. சிங்கப்பூர் நண்டு என்பார்கள், நண்டு வேறு நாட்டிலிருந்து விமானத்தில் வந்திருக்கும். மெனுவில் ஒரு விலை, பில்லில் ஒரு விலை. பேரை அப்படியே நம்பி உட்கார்கிறவர்கள்தான் முகம் சுளித்துக்கொண்டு எழுந்திருக்கிறார்கள்.

காரத்தைத் தேடுவது

1950களின் நடுவில் செர் யாம் தியான் என்ற பெண்மணியின் வீட்டில் நண்டை அவித்துத்தான் சாப்பிடுவார்கள். கணவருக்கு அது அலுத்துப்போக, தக்காளி சாஸ் விட்டுப் புரட்டிப் பார்த்தார். இனிப்பு தூக்கலாக இருந்தது. சரி என்று மிளகாய் சாஸையும் சேர்த்தார். அதுதான் சில்லி கிராப். தள்ளுவண்டியில் விற்கத் தொடங்கியவர்கள், 1960களின் தொடக்கத்தில் அப்பர் ஈஸ்ட் கோஸ்ட் ரோட்டில் பாம் பீச் என்று கடையே போட்டுவிட்டார்கள். டிராகன் ஃபீனிக்ஸ் உணவகத்தை 1963இல் தொடங்கிய சமையல்காரர் ஹூய் கோக் வாய், தன் கைப்பக்குவத்தில் சம்பால் என்ற மிளகாய் விழுதும் எலுமிச்சைச் சாறும் சேர்த்து, இறக்கும் நேரத்தில் முட்டையை அடித்து ஊற்றினார். இன்று பெரிய கடைகளில் வரும், முட்டை இழையோடிய ஆரஞ்சு நிறக் கெட்டிக் குழம்பு பெரும்பாலும் இந்த இரண்டாவது வகைதான்.

ஆக, இது தக்காளியில் பிறந்த குழம்பு. மிளகாய் பின்னால் வந்து சேர்ந்தது. நம் நண்டு மசாலாவில் இருக்கும் மிளகு, சோம்பு, வறுத்து அரைத்த தேங்காய் எதுவும் இதில் கிடையாது. இனிப்பு, புளிப்பு, பூண்டு, அதற்குப் பின்னால் மெல்ல வரும் ஓர் உறைப்பு, அவ்வளவுதான். இது தெரியாமல் நம்மவர்கள் முதலில் செய்கிற காரியம், "எக்ஸ்ட்ரா ஸ்பைசி" என்று பரிமாறுபவரிடம் சொல்வது. சமையலறையில் அதற்காகப் புதிதாக மசாலா அரைக்கப் போவதில்லை. மிளகாயை மட்டும் கூட்டிப் போடுவார்கள். புளிப்பும் இனிப்பும் அமுங்கி, நாக்கு எரிவதுதான் மிச்சம்.

காரம்தான் வேண்டும் என்றால் கறுப்பு மிளகு நண்டு கேளுங்கள். அதில் குழம்பு இருக்காது. வெண்ணெயில் புரட்டிய கொரகொரப்பான மிளகு ஓடெல்லாம் அப்பியிருக்கும். தஞ்சாவூர், காரைக்குடி நாக்குகளுக்கு அது சட்டென்று பிடித்துவிடும். நாலைந்து பேர் போனால் இரண்டு வகையிலும் ஒவ்வொன்று சொல்லலாம். ஆனால் மிளகை முதலில் தொட்டுவிட்டால் அப்புறம் சில்லி கிராப் ஜாம் மாதிரித்தான் தெரியும். வரிசை முக்கியம்.

எடை கேட்காமல் தலையாட்டுவது

பர்சுக்குப் பெரிய அடி இங்கேதான் விழுகிறது. நண்டுக்கு நேரே மெனுவில் விலை இருக்காது. "சீசனல் பிரைஸ்" என்று இருக்கும். அல்லது 100 கிராமுக்கு இவ்வளவு என்று பொடி எழுத்தில் இருக்கும். நாம் பெரிய எழுத்தில் இருக்கும் எண்ணை மட்டும் பார்த்து, ஒரு நண்டுக்கு அதுதான் விலை என்று நினைத்துக்கொள்வோம்.

2023இல் இது செய்தியாகவே வந்தது. ஜப்பானிலிருந்து வந்த சுற்றுலாப் பயணிகள் சில்லி கிராப் சாப்பிட்டார்கள். நண்டுக்கு மட்டும் 938 வெள்ளி, அதாவது சிங்கப்பூர் டாலர். மலைத்துப்போய்ப் போலீசையே கூப்பிட்டுவிட்டார்கள். அது அலாஸ்கா கிங் கிராப். எடை மூன்றரை கிலோ. விலை 100 கிராமுக்கு 26 வெள்ளி 80 காசு. பெருக்கிப் பாருங்கள், கணக்கு சரியாகத்தான் வரும். நண்டின் வகை, எந்த எடைக்கு அந்த விலை, எதிரில் காட்டுகிற நண்டு எத்தனை கிலோ என்ற மூன்றும் சாப்பிடுவதற்கு முன்பே பளிச்சென்று தெரிந்திருந்தால் அந்த இரவில் போலீசுக்கு வேலை இருந்திருக்காது. இந்த மூன்றையும் கேட்கக் கூச்சப்படவே வேண்டாம். உள்ளூர்க்காரர்கள் எல்லோரும் கேட்பார்கள். "ஒரு கிலோவுக்குப் பக்கத்தில் ஒன்று, மொத்தம் எவ்வளவு ஆகும்?" என்று கேட்டால் சொல்லிவிடுவார்கள்.

நண்டு வகையில் இன்னொரு குழப்பமும் உண்டு. மெனுவில் "ஸ்ரீலங்கன் கிராப்" என்று பார்த்ததும், யாழ்ப்பாணத்து நண்டுக் கறி என்று ஆசைப்பட்டுவிடுவோம். அது சமையல் முறை இல்லை, நண்டின் ஊர். நாம் களி நண்டு, சேற்று நண்டு என்கிற அதே பச்சைக் கறுப்பு நண்டுதான். இலங்கையின் களப்புகளிலும் அலையாத்திக் காடுகளிலும் பிடித்து, கொடுக்கைக் கயிற்றால் கட்டி, உயிரோடு விமானத்தில் அனுப்புகிறார்கள். பருமனான கொடுக்கும் இறுகிய சதையும் இருப்பதால் சிங்கப்பூரில் அதற்குத் தனி மவுசு. நல்ல நண்டெல்லாம் இப்படி வெளியே போய்விடுகிறதே என்ற ஆதங்கத்தில்தான் கொழும்பில் 2011இல் மினிஸ்ட்ரி ஆஃப் கிராப் தொடங்கப்பட்டது. சமையல்காரர் தர்ஷன் முனிதாசவோடு கிரிக்கெட் வீரர்கள் மஹேல ஜயவர்தனவும் குமார் சங்கக்காரவும் சேர்ந்து போட்ட கடை அது.

சில்லி கிராப்புக்கு இந்தச் சேற்று நண்டே போதும். கிங் கிராப் பார்க்கப் பிரமாதமாக இருக்கும், படம் எடுக்க நன்றாக இருக்கும். ஆனால் மெல்லிய இனிப்புள்ள அந்தச் சதையை இவ்வளவு கனத்த குழம்பில் முக்கி எடுப்பது, பட்டுப்புடவையைக் கட்டிக்கொண்டு நாற்று நடப் போகிற மாதிரி. என் கருத்து இது. காசு உங்களுடையது.

தலைக்கு ஒரு நண்டு என்று கணக்குப் போடுவதும் வேண்டாம். ஒரு கிலோ நண்டில் ஓட்டைக் கழித்தால் சதை மூன்றில் ஒரு பங்கு தேறினால் பெரிது. அது குறைவாகத்தான் தோன்றும், ஆனால் நண்டு வயிறு நிறையச் சாப்பிடுகிற பண்டமில்லை. இரண்டு மூன்று பேருக்கு ஒரு நண்டு, கூட ஒரு கீரை, ஒரு வறுத்த சோறு என்றால் சரியாக இருக்கும். பெரிய நண்டு என்பதற்காகவும் மயங்க வேண்டாம். ஓடு கழற்றி அதிக நாள் ஆகாத நண்டில் உள்ளே தண்ணீர்தான் இருக்கும். அமாவாசை நண்டில்தான் சதை என்று நம் கடற்கரையில் சொல்வார்கள். சித்தப்பா அன்றைக்குத் தேதியைக்கூடப் பார்த்தார். உணவகத்தில் காலண்டர் பார்க்க முடியாது, பார்வைக்குத் தெரியும் அளவைவிடக் கையில் கனமாக இருக்கிற நண்டாகக் கேட்கலாம்.

பில் வரும்போது முழிப்பது

மெனுவில் விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி இருக்கும். யாரும் அதைக் கவனிப்பதில்லை. ஒன்று 10 சதவீதச் சேவைக் கட்டணம், இன்னொன்று 2024 முதல் 9 சதவீதமாகிவிட்ட பொருள் சேவை வரி. சேவைக் கட்டணத்தைக் கூட்டி, அதன்மேல் வரி போடுவார்கள். 100 வெள்ளி நண்டு 119 வெள்ளி 90 காசாக மேசைக்கு வரும். டிப்ஸ் தனியாக வைக்க வேண்டிய அவசியமில்லை.

அப்புறம், உட்கார்ந்ததும் கேட்காமலே வரும் வேர்க்கடலை, ஈரத் துண்டு, சீனத் தேநீர். நான் இந்த ஊருக்கு வந்த புதிதில், அடடா என்ன உபசாரம் என்று கடலையை இரண்டு தட்டு காலி பண்ணினேன். பில்லில் அதுவும் இருந்தது, தலைக்கு ஒன்று வீதம் துண்டும் இருந்தது. வேண்டாம் என்றால் தொடாமல் அப்போதே திருப்பிக் கொடுத்துவிடலாம், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். ஆனால் நண்டு சொன்னால் ஈரத் துண்டை வைத்துக்கொள்ளுங்கள். தேவைப்படும்.

முள்கரண்டியோடு மல்லுக்கட்டுவது

கையால் சாப்பிடுகிற ஜனம் நாம். இருந்தும் பெரிய கடை, வெள்ளை மேசை விரிப்பு என்றதும் சிலர் முள்கரண்டியைக் கையில் எடுத்துவிடுகிறார்கள். சுற்றிலும் பாருங்கள், கோட்டு போட்டவர்கூட முழங்கை வரை சட்டையைச் சுருட்டிவிட்டுத்தான் உட்கார்ந்திருப்பார். வெள்ளைச் சட்டையில் போகாதீர்கள். காகிதத்தில் ஏப்ரன் கொடுத்தால் வெட்கப்படாமல் கட்டிக்கொள்ளுங்கள். தக்காளி, எண்ணெய், மிளகாய் மூன்றும் சேர்ந்த கறை லேசில் போகாது.

கொடுக்கைப் பல்லால் கடிக்கும் பழக்கம் பலருக்கு உண்டு. வீட்டில் சமைக்கிற சின்ன நண்டுக்கு அது சரி. இந்தச் சேற்று நண்டின் கொடுக்கு பல்லைப் பதம் பார்த்துவிடும். சமையலறையிலேயே அதை லேசாகத் தட்டி விரிசல் விட்டிருப்பார்கள். மிச்சத்துக்கு இடுக்கி இருக்கிறது. உடைத்த ஓட்டின் சில்லுகள் குழம்பில் கிடக்கும் என்பதால், கடைசியில் குழம்பைக் கரண்டியால் வழித்து அப்படியே வாயில் போட வேண்டாம். குழந்தைகள் இருந்தால் இன்னும் கவனம்.

எதை முதலில் எடுப்பது? நான் உடம்புப் பகுதியிலிருந்து தொடங்குவேன். அது சீக்கிரம் ஆறிவிடும், ஆறிய பிறகு அந்த அறைகளுக்குள்ளிருந்து சதையை நோண்டி எடுக்கும் பொறுமை யாருக்கும் இருக்காது. கனமான கொடுக்கில் சூடு நிற்கும், அது காத்திருக்கும். கொடுக்கை முதலில் எடுக்காவிட்டால் பக்கத்தில் இருப்பவர் எடுத்துவிடுவார் என்பதும் உண்மைதான், சொந்தக்காரர்களோடு போனால் அதற்கேற்ப முடிவு செய்துகொள்ளுங்கள்.

நண்டைவிடப் பெரிதாகப் பலர் கோட்டை விடுவது மாண்டோவில். சின்னதாக, லேசான இனிப்போடு இருக்கும் சீன பன் அது. அவித்தது, பொரித்தது என்று இரண்டு விதம். பொரித்ததைக் கேளுங்கள். மேலே மொறுமொறுவென்றும் உள்ளே பஞ்சு மாதிரியும் இருக்கும், பிய்த்துக் குழம்பில் அழுத்தினால் கெட்டிக் குழம்பு முழுக்க உள்ளே போய்விடும். இதை நண்டுக்கு முன்பே சொல்லிவிட்டு, ஆறிப்போய் ரப்பரான பிறகு தொட்டுக்கொள்பவர்களைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கும். நண்டு மேசைக்கு வருகிறபோது மாண்டோவும் சூடாக வர வேண்டும் என்று சொல்லிவையுங்கள். முதல் வாயிலேயே குறை சொன்ன சித்தப்பா, மாண்டோ வந்த பிறகு அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை.

சில விஷயங்களை உட்காரும் முன்பே கேட்டுவிட வேண்டும். இறால், நண்டு ஒவ்வாமை உள்ளவர்கள் குழம்பை மட்டும் தொட்டுக்கொள்ளலாம் என்று நினைப்பது ஆபத்து. ஒவ்வாமை தரும் புரதம் கொதித்தாலும் அழிவதில்லை. குழம்பில் முட்டை இருக்கும், புளித்த சோயா இருக்கும், சில இடங்களில் பெலாச்சான் என்ற இறால் விழுதும் இருக்கும். ஹலால் பார்க்கிறவர்கள், கடல் உணவுதானே என்று இருந்துவிடக் கூடாது. சீன உணவகங்களில் சமையல் ஒயினும் பன்றி இறைச்சியும் சாதாரணம். முயிஸ் என்ற சிங்கப்பூர் இஸ்லாமிய சமய மன்றத்தின் ஹலால் சான்றிதழ் உள்ள கடைகளிலும் சில்லி கிராப் கிடைக்கிறது, தேடிப் போகலாம்.

கடலும் பேரில்தான்

கடலோரக் கடை என்றதும் அலை காலைத் தொடும் என்று எதிர்பார்க்க வேண்டாம். ஈஸ்ட் கோஸ்ட் பூங்கா இருக்கும் இடமெல்லாம் 1966 முதல் கடலைத் தூர்த்து எடுத்த நிலம். செர் யாம் தியான் கடை போட்ட காலத்துக் கடற்கரை இன்று சாலைக்கும் அடுக்குமாடிகளுக்கும் உள்ளே போய்விட்டது. அவர் மகன் ரோலண்ட் தொடங்கிய உணவகம் மரீன் பரேடில் ஒரு பலமாடி வாகன நிறுத்துமிடத்தின் உச்சியில் இருக்கிறது. கடல் காற்றுக்காக அங்கே போனால் கார்களைத்தான் பார்ப்பீர்கள்.

காற்றோடு சாப்பிட வேண்டும் என்றால் பூங்காவுக்குள் இருக்கும் ஈஸ்ட் கோஸ்ட் சீஃபுட் சென்டர் தான் சரி. அங்கேயும் முன்பதிவு செய்யும்போதே வெளி மேசை வேண்டும் என்று கேட்க வேண்டும், இல்லையென்றால் ஏசி அறையில் உட்கார வைத்துவிடுவார்கள். சனி, ஞாயிறு மாலைகளில் முன்பதிவில்லாமல் போவது வீண். 2024 ஜூனில் அந்தப் பக்கம் எம்ஆர்டி ரயில் நிலையங்கள் திறந்தாலும், விரைவுச்சாலைக்குக் கீழே சுரங்கப்பாதை வழியாகக் கடந்து நடக்க வேண்டியிருக்கும். வயதானவர்களோடு போகிறவர்கள் டாக்சியிலேயே போய்விடுங்கள்.

சாப்பிட்டு முடித்ததும் சின்னக் கிண்ணத்தில் எலுமிச்சைத் துண்டு மிதக்கும் தண்ணீர் கொண்டுவந்து வைப்பார்கள். சில கடைகளில் அது வெளிறிய தேநீராகவும் இருக்கும். அது விரல் கழுவ. சித்தப்பாவிடம் இதைச் சொல்ல எனக்கு ஞாபகம் வந்தபோது, பாதிக் கிண்ணம் காலியாகியிருந்தது.