ஏ.எஸ்.எம்.ஆர். காணொளியில் சிலிர்ப்பு வரவில்லையா? கேட்கும் முறையைச் சரிபாருங்கள்

காதருகே யாரோ கிசுகிசுக்கும்போதோ, ஒருவர் நிதானமாகத் தலைவாரி விடும்போதோ உச்சந்தலையில் மெல்லிய கூச்சம் கிளம்பிப் பிடரி வழியாக முதுகில் இறங்கும். ஏ.எஸ்.எம்.ஆர். என்பது அதற்கு 2010இல் வைக்கப்பட்ட பெயர். பாட்டுக் கேட்கையில் வரும் புல்லரிப்பு போன்றதல்ல இது. பரபரப்பு இருக்காது, உடல் தளரும்.

இந்தச் சிலிர்ப்பை வரவைப்பதற்கென்றே எடுக்கப்படும் காணொளிகளைப் பெரும்பாலோர் தேடுவது அமைதிக்காகவும் தூக்கத்துக்காகவும்தான். இங்கிலாந்தின் அண்டை நாடான வேல்ஸில், ஸ்வான்சீ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இந்தச் சிலிர்ப்பை உணரும் 475 பேரிடம் கேட்டு 2015இல் முடிவுகளை வெளியிட்டார்கள். மனத்தளர்வுக்காக என்றவர்கள் 98 சதவீதம், தூக்கத்துக்காக என்றவர்கள் 82 சதவீதம். பாலியல் கிளர்ச்சிக்காக என்றவர்கள் வெறும் 5 சதவீதம். இந்தக் காணொளிகளைக் கொச்சையாகப் பேசுவது எவ்வளவு தவறு என்பதற்கு இந்த எண்ணே போதும்.

ஆனால் எல்லாருக்கும் இது வாய்ப்பதில்லை. ஷெஃபீல்டு பல்கலைக்கழகத்தின் 2018ஆம் ஆண்டு ஆய்வில், இந்தக் காணொளிகளைப் பார்க்கையில், சிலிர்ப்பை உணர்பவர்களின் இதயத்துடிப்பு நிமிடத்துக்குச் சராசரியாக மூன்று குறைந்தது. உணராதவர்களுக்கு அவ்வளவு குறையவில்லை.

உங்களுக்கு வருமா என்று பார்க்க, ஒரே காணொளியை வைத்து முடிவுகட்டாதீர்கள். ஒருநாள் கிசுகிசுப்பு. மறுநாள் கண் பரிசோதனை, முடிவெட்டு போல உங்களையே கவனிப்பதாக நடிக்கும் காட்சி. பிறகு நகத்தால் தட்டுவது, தாளைக் கசக்குவது. அதன்பின் பேச்சே இல்லாமல் கைகள் மெதுவாக அசைவது. ஒவ்வொன்றுக்கும் பத்து நிமிடமாவது கொடுங்கள். மெல்லும் ஓசை கேட்டால் எரிச்சலோ கோபமோ வருகிறவர்கள் உண்பது, மெல்லுவது சார்ந்தவற்றைத் தொடவே வேண்டாம். பழகினால் சரியாகும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்பதில் பயனில்லை.

ஹெட்ஃபோன் அவசியம். பல காணொளிகள் இரண்டு மைக் வைத்து, ஓசை இடக்காதிலிருந்து வலக்காதுக்கு நகரும்படி பதிவு செய்யப்படுகின்றன. ஃபோன் ஸ்பீக்கரில் அந்த நகர்வு ஏறக்குறைய காணாமல் போகும். ஹெட்ஃபோன் போட்டும் ஓசை தலைக்கு நடுவிலேயே நின்றால், ஃபோனின் அணுகல்தன்மை (Accessibility) அமைப்புகளில், இரு காதுக்கும் ஒரே ஒலியை அனுப்பும் ‘மோனோ ஆடியோ’ இயங்குகிறதா என்று பாருங்கள். பலர் தவறவிடும் இடம் இதுதான்.

ஒலியளவைப் பூஜ்யத்திலிருந்து மெல்ல ஏற்றி, கிசுகிசுப்பின் சொற்கள் சிரமமின்றிக் காதில் விழத் தொடங்கியதும் நிறுத்துங்கள். பதிவே மெலிதாக இருப்பதால் ஒலியைக் கூட்டி வைப்போம். நடுவில் விளம்பரம் அலறும், வந்த தூக்கமும் போய்விடும். தூங்குவதற்கென்றால் விளம்பரமில்லாத பதிவையோ முன்பே தரவிறக்கிய கோப்பையோ வைத்துக்கொள்வது நல்லது. ஆட்டோபிளேயை அணைத்து, 30 நிமிடத்துக்கு டைமர் வையுங்கள். ஐஃபோனில் கடிகாரச் செயலியின் டைமரிலேயே, நேரம் முடிந்ததும் ஒலியை நிறுத்தும் தேர்வு உண்டு. திரையைக் கவிழ்த்து வைக்கலாம். கை அசைவுகள்தான் பிடிக்கும் என்றால் வெளிச்சத்தை அடிமட்டத்துக்கு இறக்குங்கள். ஒருக்களித்துப் படுப்பவர்களுக்கு இயர்பட்ஸ் காதை அழுத்தி வலிக்கும். துணிப்பட்டைக்குள் தட்டையான ஸ்பீக்கர் வைத்த ஹெட்ஃபோன் அவர்களுக்குப் பொருந்தும்.

வண்டி ஓட்டும்போது கேட்கக் கூடாது.

தினமும் ஒன்றையே கேட்டால் சிலிர்ப்பு மங்குவது உண்டு. ஒலியைக் கூட்டுவதும் ஒரே இரவில் பத்துக் காணொளிகளைத் தாவித் தாவித் தேடுவதும் நிலைமையைக் கெடுக்கும். சிலிர்ப்பு வந்ததா வந்ததா என்று காத்திருக்கும் மனம் தளராது. சில நாள் முழுதாக விட்டுவிட்டு, வேறு வகை ஓசையோடு திரும்ப வாருங்கள்.