பேட்ச் ஸ்கிரிப்டில் உள் லூப்பை மட்டும் நிறுத்துவது எப்படி? தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோத்தகிரியில் ஒரு தேயிலைத் தொழிற்சாலையின் கணக்குக் கணினி என்று வைத்துக்கொள்வோம். அரவேணு, கட்டபெட்டு, சோலூர்மட்டம் என்று இலை வாங்கும் ஊருக்கு ஒரு ஃபோல்டர். ஒவ்வொன்றிலும் நாள்வாரியாகப் பச்சை இலை எடைக் கணக்கு. எடை விடுபட்ட முதல் ஃபைல் கிடைத்ததும் அந்த ஊரை விட்டு அடுத்த ஊருக்குப் போக வேண்டும். விண்டோஸ் கட்டளைகளை வரிசையாக எழுதிய பேட்ச் ஸ்கிரிப்டில் இதற்கு இரண்டு லூப்: வெளியே ஊர்களுக்கு ஒரு ஃபார், உள்ளே ஃபைல்களுக்கு ஒரு ஃபார்.

வேறு மொழி பழகியவர்கள் உள்ளே பிரேக் என்று எழுதிவிடுவார்கள். விண்டோஸில் அப்படி ஒரு கட்டளை இருக்கிறது, ஆனால் அது எதுவுமே செய்யாது. டாஸ் காலத்து மிச்சம். பிழைச் செய்தியும் வராது என்பதுதான் எரிச்சல்.

அடுத்தது கோட்டூ, அதாவது லேபிள் என்று பெயரிட்ட வரிக்குத் தாவச் சொல்லும் கட்டளை. பெரிய தவறு இதுதான். உள் லூப்பிலிருந்து கோட்டூ போட்டால் வெளி லூப்பும் சேர்ந்தே முடிந்துவிடும். அரவேணுவில் ஒன்று சிக்கியதும் கட்டபெட்டுப் பக்கம் ஸ்கிரிப்ட் எட்டிக்கூடப் பார்க்காது. லேபிளை அடைப்புக்குறிக்குள்ளேயே வைத்தாலும் இதே கதைதான். எண்ணி ஓடும் ஃபாரில், அதாவது ஸ்லாஷ் எல் போட்டதில், இன்னொரு வம்பு: கோட்டூவுக்குப் பிறகு கட்டளைகள் ஓடாது, எண்ணிக்கை மட்டும் கடைசி எண் வரை சத்தமில்லாமல் ஓடும். பத்து லட்சம் வரை என்றால் திரை அசையாமல் நிற்கும்.

எடை விடுபட்ட ஃபைல் கிடைத்துவிட்டது என்று குறித்துவைக்க, சிலர் கொடி போல ஒரு மாறி வைப்பார்கள். அதைச் சதவீதக் குறிக்குள் எழுதினால் லூப் தொடங்கும் முன்பிருந்த பழைய மதிப்புதான் கிடைக்கும். மாறிக்கு மதிப்பு இருக்கிறதா என்று இஃப் டிஃபைன்ட் போட்டுச் சோதித்தால் சரியாக வரும். ஒவ்வொரு ஊருக்கும் கொடியை அழித்துவிட்டுத் தொடங்க வேண்டும். ஆனாலும் உள் லூப் மீதி ஃபைல்களை வெறுமனே சுற்றி முடிக்கும்.

என்னைக் கேட்டால், உள் லூப்பைத் தனி லேபிளின் கீழ் கொண்டுபோய் கால் கட்டளையால் அழைப்பதே நல்லது. ஃபோல்டர் பெயரை மேற்கோள் குறிக்குள் அனுப்புங்கள். நடுவில் இடைவெளி இருந்தாலும் உடையாது. அங்கே எக்ஸிட் ஸ்லாஷ் பி போட்டால் அந்த அழைப்பு மட்டும் முடியும், வெளி லூப் அடுத்த ஊருக்குப் போகும். ஸ்லாஷ் பி விட்டுப்போனால் கருப்பு ஜன்னலே மூடிக்கொள்ளும். அப்புறம், அந்த லேபிளுக்கு மேலே, வெளி லூப் முடியும் இடத்திலும் ஒரு எக்ஸிட் ஸ்லாஷ் பி வேண்டும். இல்லையென்றால் எல்லா ஊரும் முடிந்த பிறகு ஸ்கிரிப்ட் அப்படியே கீழே இறங்கி, ஃபோல்டர் பெயரே இல்லாமல் உள் லூப்பை இன்னொரு முறை ஓட்டும்.