எச்எம்டி ஜனதாவை வீட்டிலேயே சர்வீஸ் செய்ய

கிருஷ்ணகிரிப் பக்கம் பல வீட்டு பீரோவில் தாத்தாவின் எச்எம்டி ஜனதா ஒன்று நின்றுபோய்க் கிடக்கும். 17 ஜூவல் (உராய்வைக் குறைக்கிற சின்னக் கற்கள்), கையால் சாவி கொடுக்கிற வாட்ச், பழக நல்லது. ஃபேனை அணையுங்கள், கிரானைட் லாரி ஓடுகிற ரோட்டோரம் என்றால் ஜன்னலையும் சாத்துங்கள்.

பின்மூடியைத் திறந்ததும் முதல் வேலை வாட்சை ஓட்டுகிற மெயின் ஸ்பிரிங்கின் முறுக்கை இறக்குவது: சாவிக் குமிழை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு, பெரிய பல்சக்கரத்தைத் தடுத்து நிற்கிற சின்ன கிளிக்கை ஊசியால் தள்ளி, குமிழை விரலுக்கிடையே மெதுவாக வழுக்கவிடுங்கள். இதைச் செய்யாமல், சக்கரத்தைப் பல் பல்லாக விடுகிற பாலட் ஃபோர்க்கை எடுத்தால் சக்கரங்கள் விர்ரென்று சுற்றும், பைவட் (சக்கர அச்சின் மெல்லிய நுனி) ஒடியலாம், அப்புறம் உதிரி பாகத்துக்கு அலைய வேண்டியதுதான்.

அடுத்து கழற்ற வேண்டியது முள், டயல், பேலன்ஸ் (முன்னும் பின்னும் ஆடுகிற சக்கரம்), பாலட் ஃபோர்க், பிறகு சக்கரங்கள். ஒவ்வொன்றுக்கும் முன்னால் போனில் ஒரு படம்.

சக்கரம், பிரிட்ஜ் (சக்கரங்களை மேலிருந்து பிடிக்கிற தகடு) எல்லாம் ஐசோப்ரொபைல் ஆல்கஹாலில் ஊறலாம். பாலட் ஃபோர்க்கும் பேலன்ஸும் கூடாது, அவற்றின் கற்களை ஒட்டியிருப்பது அரக்கு, கரைந்துவிடும். அவற்றுக்கு லைட்டர் பெட்ரோல், அடுப்புக்குத் தள்ளி வைத்து.

தையல் மிஷின் எண்ணெய் போதும் என்பார்கள், கேட்காதீர்கள், அது பரவி ஓடிவிடும். வேகமாகச் சுற்றும் பைவட்டுக்கு மோபியஸ் 9010 என்கிற வாட்ச் எண்ணெய், ஊசிமுனையில் தொட்டு, கல்லின் குழி பாதி நிறைகிற அளவு. பாலட் ஃபோர்க் பைவட்டுக்கு எண்ணெயே கிடையாது. பிரிட்ஜை மூடும்போது எல்லாச் சக்கரமும் தாராளமாகச் சுற்றுகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் திருகை முறுக்க வேண்டும்.