8085 எமுலேட்டரில் தன்னைத்தானே திருத்தும் நிரல்: கேஷ் பழசைக் காட்டாமல் பார்த்துக்கொள்வது எப்படி?

தஞ்சாவூர், கும்பகோணம், திருவாரூர், நாகப்பட்டினம் என்று டெல்டாவின் பாலிடெக்னிக் மைக்ரோபிராசசர் லேபுகளில் பலருக்கும் பழக்கமானது 8085 கிட் (இன்டெலின் 8 பிட் பிராசசர் வைத்த பயிற்சிப் பலகை). எமுலேட்டர் (ஒரு பிராசசரைப் போலவே நடந்துகொள்ளும் மென்பொருள்) எழுதிப் பழகவும் அதுவே நல்ல தொடக்கம். ஃபெட்ச், டிகோட், எக்ஸிகியூட் லூப் (கட்டளையை எடு, பொருள் பிரி, செயல்படுத்து) எழுதிவிட்டீர்கள், கூட்டல், கழித்தல், வரிசைப்படுத்தல் நிரல்கள் சரியாக ஓடுகின்றன, இனி வேகம் கூட்ட வேண்டும் என்ற கட்டத்தில் இருப்பவர்களுக்கானது இந்த விளக்கம். கீழே வரும் முகவரிகளும் பைட்டுகளும் ஹெக்ஸில். தசமம் என்றால் தசமம் என்றே சொல்லிவிடுகிறேன்.

வேகம் கூட்ட, டிகோட் செய்த கட்டளைகளை ஒரு கேஷில் சேமித்துவைத்துத் திரும்பப் பயன்படுத்துவோம். நிரல் ஓடும்போதே தன் கட்டளை பைட்டுகளைத் தானே திருத்தினால், கேஷ் பழைய கட்டளையையே ஓட்டிவிடும். அதுதான் பிரச்சினை. முதலில் ஒன்று. ஒவ்வொரு கட்டளையையும் ஓட்டும்போதெல்லாம் மெமரியிலிருந்து புதிதாகப் படித்து டிகோட் செய்கிற எளிய இன்டர்பிரட்டர் என்றால் உங்களுக்கு இந்தப் பிரச்சினையே இல்லை. நிரல் தன்னை எப்படித் திருத்தினாலும் அடுத்த ஃபெட்ச் புதிய பைட்டைத்தான் எடுக்கும். 6.144 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல், அதில் பாதி 3.072 மெகாஹெர்ட்ஸ் கிளாக்: இந்த வேகத்துக்கு எந்தப் பழைய லேப்டாப்பும் இன்டர்பிரட்டரிலேயே ஈடுகொடுக்கும். 8085-க்கு கேஷ் போடுவது கற்றுக்கொள்ளத்தான். பெரிய பிராசசருக்குப் போகும்போது கை பழகியிருக்கும்.

இப்படி நிரல் எழுதுவார்களா?

எழுதுவார்கள், 8085-ல் இதுவே சுருக்கமான வழியாக அமையும் ஓர் இடமும் உண்டு. இன், அவுட் கட்டளைகளின் போர்ட் எண் கட்டளைக்குள்ளேயே இரண்டாவது பைட்டாக உட்கார்ந்திருக்கிறது. இசட்80 மாதிரி ரிஜிஸ்டரில் போர்ட் எண்ணை வைத்து அவுட் கொடுக்க முடியாது. நான்கைந்து பம்ப்செட் ரிலேக்களை இரண்டு 8255 (போர்ட் சிப்) வழியாக மாற்றி மாற்றி இயக்கும் மினி புராஜெக்ட் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். போர்ட் எண் ஓடும்போதுதான் தெரியும் என்றால், ராமில் மூன்று பைட்டில் ஒரு சப்ரூட்டீன் வைப்பார்கள்: தசமத்தில் 211 (அவுட்), போர்ட் எண், 201 (ரெட்). அதன் நடு பைட்டில் எஸ்டிஏ (ஏ ரிஜிஸ்டரை மெமரியில் எழுதும்) கட்டளையால் எண்ணை எழுதிவிட்டு கால் செய்வார்கள். கேஷ் பழசைப் பிடித்துக்கொண்டிருந்தால் எந்த போர்ட்டைக் கேட்டாலும் ஒரே ரிலேதான் அடிக்கும்.

படி 1: எழுத்தெல்லாம் ஒரே வாசலில்

மெமரியில் எழுதும் எல்லாமே ஒரே ஃபங்ஷன் வழியாகப் போகட்டும். கல்லணையில் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று பிரிவதற்கு முன்னால் அளந்தால் ஓர் இடத்தில் அளந்தால் போதும். பிரிந்த பிறகு ஒவ்வொரு வாய்க்காலாக ஓட வேண்டும். இதுவும் அப்படித்தான்.

எஸ்டிஏ, எஸ்டிஏஎக்ஸ், மூவ் எம், எம்விஐ எம் ஆகியவை யாருக்கும் மறக்காது. விட்டுப்போகிறவை இவை: ஐஎன்ஆர் எம், டிசிஆர் எம், இரண்டு பைட் எழுதும் எஸ்எச்எல்டி, எக்ஸ்டிஎச்எல், பிறகு ஸ்டாக்கில் எழுதும் புஷ், எல்லாக் கால் வகைகள், ஆர்எஸ்டி. இன்டரப்ட் வரும்போது பிசியை (அடுத்த கட்டளையின் முகவரியை) ஸ்டாக்கில் வைப்பதும் எழுத்துதான். கட்டளைக்கு வெளியே டிஎம்ஏ (பிராசசர் வழியாக வராமல் சாதனமே மெமரியில் எழுதுவது), ஃபைல் லோடர், டீபக்கர் விண்டோவில் பயனர் மாற்றும் பைட் இவையும் சேர்த்தி.

சி மொழியில் எழுதினால் மெமரி அர்ரேயை ஸ்டாட்டிக்காக அறிவித்துத் தனி ஃபைலில் பூட்டிவிடுங்கள். வேறு ஃபைலிலிருந்து நேரடியாகத் தொட்டால் கம்பைலரே பிழை சொல்லும். கண்ணால் தேடிப் பிடிப்பதைவிட இது நூறு மடங்கு நம்பிக்கை. முகவரிக்கு 16 பிட் அன்சைன்ட் வகையைத் தவிர வேறு எதையும் பயன்படுத்தாதீர்கள். காரணம் அடுத்த படியில்.

படி 2: டிகோட் கேஷும் பின்னால் போகும் இரண்டு பைட்டும்

65536 இடங்கள் கொண்ட ஒரு அட்டவணை. ஒவ்வொரு முகவரிக்கும் ஹேண்ட்லர் பாயிண்டர் (கட்டளையைச் செய்யும் ஃபங்ஷனின் முகவரி), ஆப்பரண்ட் (கட்டளையோடு வரும் மதிப்பு), நீளம். காலியாக இருந்தால் டிகோட் செய்து நிரப்பு, இருந்தால் அப்படியே ஓட்டு. எழுத்து நடந்தால் அந்த இடத்தைக் காலியாக்கு.

சறுக்கும் இடம் இதுதான். எழுதிய முகவரியை மட்டும் காலியாக்கினால் போதாது. 8085 கட்டளையின் நீளம் 1 முதல் 3 பைட். நீங்கள் எழுதிய பைட், அதற்கு ஒன்று முன்னாலோ இரண்டு முன்னாலோ தொடங்கிய கட்டளையின் ஆப்பரண்டாக இருக்கலாம். கேஷில் அந்தக் கட்டளை தொடங்கிய முகவரியின் கீழ்தான் பதிவாகியிருக்கும். எனவே எழுதிய முகவரி, அதற்கு முந்தையது, அதற்கும் முந்தையது என்று மூன்றையும் காலியாக்குங்கள். நீளம் பார்த்து "இது உண்மையில் தொடுகிறதா" என்றெல்லாம் சோதிக்க வேண்டாம். வீணாகக் காலியானால் இன்னொரு தடவை டிகோட் ஆகும், அவ்வளவுதான். முகவரி 0000-ல் எழுதினால் அதற்கு முந்தையது தசமத்தில் 65535. 16 பிட் வகை இருந்தால் அது தானாகச் சுற்றிவரும், சாதாரண இன்ட் என்றால் அர்ரேக்கு வெளியே போய் எதையாவது கெடுக்கும்.

சோதிக்க ஏழு பைட் போதும். 4100 முதல் ஏற்றுங்கள்:

21 05 41 34 06 05 76

எல்எக்ஸ்ஐ எச் 4105, ஐஎன்ஆர் எம், எம்விஐ பி 05, எச்எல்டி. ஐஎன்ஆர் எம் தனக்கு அடுத்த கட்டளையின் ஆப்பரண்டை ஒன்று கூட்டுகிறது. நின்றதும் பி ரிஜிஸ்டரில் 06 இருக்க வேண்டும், மொத்தம் 32 டி-ஸ்டேட் (கிளாக் சுழற்சி).

ஒரு தடவை ஓட்டி 06 வந்ததும் திருப்திப்பட்டுவிடாதீர்கள். டிகோட் கேஷ் உடைந்திருந்தாலும் முதல் ஓட்டம் பாஸ் ஆகும், ஏனென்றால் 4104 கட்டளை முதல்முறை டிகோட் ஆவதே பைட் மாறிய பிறகுதான். மெமரியைத் திரும்ப ஏற்றாமல் பிசியை மட்டும் 4100-க்கு வைத்து இரண்டாவது தடவை ஓட்டுங்கள். 07 வந்தால் சரி. 06-லேயே நின்றால் எழுதிய முகவரியை மட்டும் காலியாக்குகிறீர்கள் என்று அர்த்தம். ரீலோட் பட்டனை அழுத்திச் சோதித்தால் லோடரே கேஷைத் துடைத்துவிடும், பிழை மறைந்துகொள்ளும்.

படி 3: பிளாக்குகள்

கட்டளை கட்டளையாக இல்லாமல் ஜம்ப் வரைக்கும் ஒரு பிளாக்காகச் சேர்த்து டிகோட் செய்தால் வேகம் நன்றாகக் கூடும், தலைவலியும் கூடும். பிளாக்குக்கு 32 கட்டளை உச்சவரம்பு வையுங்கள். 96 பைட்டுக்கு மேல் போகாது, ஆகவே 256 பைட் பக்கங்களாகப் பிரித்தால் ஒரு பிளாக் அதிகபட்சம் இரண்டு பக்கங்களைத் தொடும். ஒவ்வொரு பக்கத்துக்கும் அதைத் தொடும் பிளாக்குகளின் பட்டியல் வைத்து, இரண்டு பக்கத்தின் பட்டியலிலும் அதைப் பதிவு செய்யுங்கள். தொடங்கும் பக்கத்தில் மட்டும் பதிவு செய்தால், பக்க எல்லையைத் தாண்டிய கடைசி ஆப்பரண்ட் மாறும்போது பிளாக் சாகாமல் (கேஷிலிருந்து நீங்காமல்) தப்பித்துவிடும்.

பக்கத்தில் நிரலும் டேட்டாவும் கலந்திருப்பது லேப் நிரல்களில் சகஜம். பக்கத்தை மட்டும் பார்த்து எல்லாவற்றையும் கொன்றால், ஒரு கவுண்டரில் எழுதும்போதெல்லாம் பக்கத்து லூப்பும் செத்துச் செத்துப் பிறக்கும். அதற்கு 65536 பைட்டில் இன்னொரு அர்ரே வையுங்கள்: இந்த முகவரி ஏதாவது கட்டளையின் பகுதியா என்று 0 அல்லது 1. 0 என்றால் எழுதிவிட்டு உடனே திரும்பலாம். பிட்டாகச் சுருக்கினால் 8192 பைட்டில் அடங்கும், ஆனால் இன்றைய மெஷினில் அந்தச் சிக்கனத்துக்கு அர்த்தமில்லை. பிளாக் செத்ததும் இந்த 1-களை 0 ஆக்காதீர்கள். கட்டளையின் நடுவே ஜம்ப் செய்து உருவான இன்னொரு பிளாக் அதே பைட்டை நம்பிக்கொண்டிருக்கலாம். 1 மிச்சமிருந்தால் கொஞ்சம் வேகம்தான் போகும். 0 தவறாக விழுந்தால் விடை தப்பாகும்.

எழுத்து ஃபங்ஷனின் வரிசை: ரோம் பகுதியா, விட்டுவிடு. மெமரி-மேப்டு ஐஓவா, சாதனத்துக்கு அனுப்பு. ஏற்கெனவே இருக்கும் மதிப்பேதானா, திரும்பு. இல்லையென்றால் எழுது, 1 இருந்தால் தொடும் பிளாக்குகளைக் கொல். மூன்றாவது சோதனை அற்பமாகத் தெரிந்தாலும், அதே ஜம்ப் முகவரியைத் திரும்பத் திரும்ப எழுதும் நிரலில் பெரிய லாபம். ஐஓ சோதனைக்கு முன்னால் மட்டும் அதை வைக்காதீர்கள்.

படி 4: ஓடிக்கொண்டிருக்கும் பிளாக்கே செத்தால்

மேலே சொன்ன ஏழு பைட் இதைத்தான் பிடிக்கிறது. முழு பிளாக்கும் முன்னமே டிகோட் ஆகிவிட்டதால், ஐஎன்ஆர் எம் நடுவில் பிளாக்கைக் கொன்றாலும் லூப் பழைய எம்விஐ-யை ஓட்டிவிடும். இங்கே முதல் ஓட்டத்திலேயே 05 வரும்.

தொடக்கநிலையில் என் சிபாரிசு: மெமரியில் எழுதும் எந்தக் கட்டளையோடும் பிளாக்கை முடித்துவிடுங்கள். பிளாக்குகள் குட்டையாகும், ஆனால் இந்தப் பிழை நுழைய வழியில்லை. அது நிலையாக ஓடிய பிறகு, பிளாக்கில் "செத்தது" என்ற கொடி வைத்து, எழுதும் கட்டளைக்குப் பின் மட்டும் அதைப் பார்த்து வெளியேறும் முறைக்கு மாறலாம். அப்போது இரண்டு கவனம். எழுதுவதற்கு முன்பே பிசி அடுத்த கட்டளையைக் காட்ட வேண்டும். டி-ஸ்டேட் கணக்கு அதுவரை ஓடியதற்கு மட்டும் சேர வேண்டும், நம் சோதனையில் 20. அடுத்து, செத்த பிளாக்கின் மெமரியை அங்கேயே ஃப்ரீ செய்யாதீர்கள். அதற்குள்தான் நின்றுகொண்டிருக்கிறீர்கள். தனிப் பட்டியலில் போட்டு, டிஸ்பாட்ச் லூப்புக்கு (அடுத்த பிளாக்கைத் தேர்ந்து ஓட்டும் லூப்) திரும்பியதும் விடுவியுங்கள். சி கம்பைலரான ஜிசிசியின் அட்ரஸ் சானிடைசரை (மெமரித் தவறுகளைப் பிடிக்கும் கருவி) போட்டே ஓட்டுங்கள். இந்த வகைப் பிழையை அது வரி எண்ணோடு காட்டும்.

பிளாக்குகளை ஒன்றோடொன்று நேரடியாக இணைப்பதை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். இணைத்தால், செத்த பிளாக்கை நோக்கி வரும் ஒவ்வொரு இணைப்பையும் தேடி அறுக்க வேண்டும்.

ரிலே நிரல் மாதிரி ஒரே இடம் அடிக்கடி மாறினால், ஒரே முகவரியில் 8 தடவை பிளாக் செத்தபின் அந்த முகவரியை இன்டர்பிரட்டருக்கே விட்டுவிடுவது லாபம்.

பிற்சேர்க்கை

ஹோஸ்டின் (எமுலேட்டர் ஓடும் மெஷின்) பக்கப் பாதுகாப்பை வைத்து எழுத்தைப் பிடிக்கலாமே என்றால்: 4096 பைட் பக்கம் என்றால் 64 கேபிக்கு 16 பக்கங்கள்தான் கிடைக்கும். நிரலும் டேட்டாவும் இவ்வளவு நெருங்கியிருக்கும் மெஷினுக்கு அது ஒத்துவராது.

ஜிட் (கட்டளைகளை ஓடும்போதே ஹோஸ்டின் மெஷின் கோடாக மாற்றும் முறை) எழுதி லேப்டாப்பில் சரியாக ஓடி, ராஸ்பெர்ரி பையில் மட்டும் கண்டபடி நின்றால், காரணம் 8085 அல்ல. எக்ஸ்86 ஹோஸ்ட் தன் இன்ஸ்ட்ரக்ஷன் கேஷைத் தானே ஒத்திசைக்கும், ஆர்ம் செய்யாது. புதிய மெஷின் கோடு எழுதியதும் கேஷைத் துடைக்க ஜிசிசியிலேயே உள்ளமைந்த ஃபங்ஷன் இருக்கிறது, அதை அழைக்க வேண்டும்.

8086-க்குப் போகிறவர்களுக்கு நிலைமை தலைகீழ். அந்தச் சிப்பில் 6 பைட் ப்ரீஃபெட்ச் க்யூ (வரப்போகும் கட்டளை பைட்டுகளை முன்கூட்டியே எடுத்துவைக்கும் வரிசை), 8088-ல் 4 பைட். க்யூவுக்குள் வந்துவிட்ட கட்டளையை மெமரியில் திருத்தினால் உண்மையான சிப் பழையதையே ஓட்டும். இந்த வித்தியாசத்தை வைத்தே இரண்டு சிப்பையும் பிரித்தறியும் நிரல்கள் உண்டு. அங்கே "சரியாக" உடனே புதுப்பிப்பதுதான் தப்பு.

சில கிட்களில் முகவரி முழுமையாக டிகோட் ஆகாததால் ஒரே ராம் இரண்டு முகவரிகளில் தெரியும். ஒன்றில் எழுதி மற்றொன்றில் ஓட்டினால் மேலே சொன்ன எதுவும் பிடிக்காது. முகவரியை முதலில் ராமின் உண்மையான இடமாக மாற்றி, கேஷ், பட்டியல், அர்ரே எல்லாவற்றையும் அந்த இடத்தின் பேரிலேயே வையுங்கள். பிரேக்பாயிண்டுக்காக மெமரியில் ஆர்எஸ்டி பைட்டைச் செருகும் டீபக்கர் வைத்திருந்தால் அதையும் நிறுத்துங்கள். தன் பைட்டுகளைத் தானே கூட்டிப் பார்க்கும் நிரலில் கூட்டுத்தொகை மாறிவிடும். பிரேக்பாயிண்டுகளுக்குத் தனி அட்டவணை போதும்.