வீடியோ பார்த்து 'போய்' பழகுகிறவர்கள் எங்கே சறுக்குகிறார்கள்?

மொட்டை மாடியில் இரண்டு கையிலும் கயிற்றுப் பந்தைச் சுழற்றிக்கொண்டிருந்தேன். எதிர்வீட்டு ஆயா எட்டிப் பார்த்து, "இன்னா கண்ணு, சித்திரையிலயே மாவளி சுத்தற?" என்றார். "மாவளி இல்ல ஆயா, இது போய்" என்றேன். "எங்க போய்?" என்றார். நியூசிலாந்து மாவோரிகளின் ஆட்டம் இது, அவர்கள் மொழியில் 'போய்' என்றால் பந்து என்று நான் சொல்லி முடிப்பதற்குள் காய்ந்த துணிகளை அள்ளிக்கொண்டு கீழே இறங்கிவிட்டார்.

ஆயா கேட்டதில் தப்பில்லை. வேலூர்ப் பக்கம் கார்த்திகை தீபத்துக்குப் பனம்பூவைக் கரியாக்கி, தூளைத் துணியில் சுருட்டி, பிளந்த பனைமட்டைக்கு நடுவில் வைத்துக் கட்டி, நெருப்பு வைத்துச் சுழற்றுவோம், அதுதான் மாவளி. அந்தக் கைக்கு இந்தப் 'போய்' ஆட்டம் சுலபமாக வந்துவிடும் என்று நினைத்ததுதான் என் முதல் தவறு. மாவளிக்குப் பொறி பறந்தால் போதும், வட்டம் கோணினால் யாரும் கேட்கப்போவதில்லை. போயில் வட்டம் கோணினால் பந்து உங்கள் காதைத் தேடி வரும்.

வீடியோக்களில் பலரும் தாண்டிப் போகும் இடமும் இதுதான். பந்து ஒரே தளத்தில், தட்டு மாதிரி சுழல வேண்டும். இது சலிப்பான பயிற்சி என்பதால் எல்லாரும் நேராக, இரண்டு பந்தையும் உடம்புக்கு இருபக்கமும் மாற்றி மாற்றிச் சுற்றும் 'வீவ்' என்கிற பின்னல் வீடியோவுக்குத் தாவிவிடுகிறோம். நானும் தாவினேன். இரண்டு கயிறும் முறுக்கிக்கொண்டு கழுத்தில் விழுந்தபோதுதான் திரும்பி வந்தேன். தண்ணீர்த் தொட்டிச் சுவருக்கு ஓரடி தள்ளி, சுவரைப் பார்த்து நின்று, ஒரு கையால் மட்டும் சுற்றிப் பாருங்கள். வட்டம் சாய்ந்தால் 'டப்' என்று சுவரே சொல்லிவிடும். வேகத்தைக் கூட்டினால் கோணல் மறைந்த மாதிரி இருக்கும், நம்பாதீர்கள். கயிறு தொய்யாத அளவுக்கு வேகம் இருந்தால் போதும். முழங்கையை உடம்போடு ஒட்டி வைத்து மணிக்கட்டால் சுற்ற வேண்டும், தோளால் அல்ல. இடக்கைக்கு இரண்டு மடங்கு நேரம் கொடுங்கள்.

அப்புறம், கண்ணாடிக் குழப்பம். சொல்லித் தருகிறவர் நம்மைப் பார்த்து நிற்பார், அவர் வலக்கை திரையில் நமக்கு இடப்பக்கம் தெரியும். பட்டாம்பூச்சி மாதிரி இரண்டு பக்கமும் ஒத்திருக்கும் அசைவில் இது உறைக்காது. மூன்று சுற்றுப் பின்னலில் மாட்டிக்கொள்வோம். அதில் ஒவ்வொரு பந்தும் எதிர்ப்பக்கம் இரண்டு சுற்று, தன் பக்கம் ஒரு சுற்று. கயிறு சிக்கினால் பெரும்பாலும் எதிர்ப்பக்கத்து இரண்டாவது சுற்றை விழுங்கியிருப்போம், இல்லையென்றால் இடுப்பைத் திருப்பாமல் கையை மட்டும் நீட்டியிருப்போம். முதுகுப் பக்கமிருந்து எடுத்த வீடியோவாகத் தேடி, பாதி வேகத்தில் ஓடவிட்டுப் பாருங்கள். ஒரு நாளில் ஐந்து பேர் வீடியோவைப் பார்ப்பதும் வேண்டாம், ஆளுக்கொரு கணக்குச் சொல்வார்கள்.

சாமான் விஷயத்தில் காசைக் கொட்ட வேண்டாம். நீள சாக்ஸுக்குள் டென்னிஸ் பந்தைப் போட்டு முடிச்சுப் போட்டால் சரி. கிரிக்கெட் பந்தைப் போட்டுவிடாதீர்கள், எங்கே படும் என்று ஆண்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கையைப் பக்கவாட்டில் நீட்டினால் விரல் நுனியிலிருந்து அக்குள் வரைக்குமான நீளம் போதும். அதைவிட நீண்டால் பந்து தரையைத் தட்டும்.

இடம்? காய்ந்து கிடக்கும் பாலாற்று மணல் விழுந்தாலும் வலிக்காது, ஆனால் காற்றடிக்கும் நாளில் பந்து சொன்ன பேச்சு கேட்காது. நம் ஊர் வெயிலுக்கு ஏழு மணிக்குள் முடித்துவிடுங்கள்.

கடைசியாக நெருப்பு. இரண்டு வாரம் பழகிவிட்டு, பழைய துணியைக் கம்பியில் சுற்றிப் பெட்ரோலில் முக்குகிறவர்கள் இருக்கிறார்கள். துணி எரிந்து பிய்ந்து பறக்கும், பெட்ரோலின் ஆவியே குப்பென்று பற்றும். நெருப்புப் போய்க்குக் கெவ்லார் என்கிற தீத்தாங்கும் இழைத் திரி, உலோகச் சங்கிலி என்று தனிச் சாமானே உண்டு. மண்ணெண்ணெயில் நனைத்தாலும் மிச்சத்தைப் பிழிந்து உதறாவிட்டால் முதல் சுற்றிலேயே பார்க்கிறவர்கள் மேல் தெறிக்கும். பாலியஸ்டர் சட்டை உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும், பருத்திதான் போட வேண்டும். முடியைக் கட்டிக்கொள்ளுங்கள். தண்ணீரில் நனைத்த சாக்கோடு ஒருவர் பக்கத்தில் நிற்க வேண்டும், அவர் கையில் செல்போன் இருக்கக் கூடாது.