குடிமையியல் வகுப்பில் செயல்வழிப் பாடம்: எங்கெங்கே சறுக்குகிறோம்?

முதன்முதலாக மாதிரி நாடாளுமன்றம் நடத்திய நாள் நன்றாக நினைவிருக்கிறது. ஒன்பதாம் வகுப்பு. சபாநாயகருக்கு ஒரு நாற்காலியை மேடையில் தூக்கி வைத்தோம். ஆளுங்கட்சி ஒரு பக்கம், எதிர்க்கட்சி ஒரு பக்கம். மேஜையைத் தட்டினார்கள், வெளிநடப்பு செய்தார்கள், திரும்பி வந்தார்கள். அந்த வகுப்பு அவ்வளவு உற்சாகமாக இருந்து நான் பார்த்ததே இல்லை. மணி அடித்ததும் கலைந்துவிட்டார்கள். மறுநாள், "நேற்று அந்த மசோதா ஏன் தோற்றது?" என்று கேட்டேன். "அவங்க சத்தமா பேசினாங்க டீச்சர்" என்றாள் ஒரு மாணவி. மசோதாவில் என்ன இருந்தது என்பது யாருக்கும் நினைவில்லை.

அந்தப் பதில் நெடுநாள் என்னைக் குடைந்தது. 40 நிமிடப் பீரியடில் 38 நிமிடம் சபை நடத்தியே போய்விட்டது. நடந்ததை அலசிப் பார்க்க நான் நேரமே ஒதுக்கவில்லை. குரலை உயர்த்தினால் ஜெயிக்கலாம் என்பதுதான் அன்று அவர்கள் மனதில் பதிந்தது. நான் கற்பிக்க நினைத்ததற்கு நேர் எதிர். செயல்பாட்டையே பாடம் என்று நினைத்துவிடுவதுதான் இந்த வகை வகுப்புகளில் ஆகப் பெரிய தவறு. இப்போதெல்லாம் பாதி நேரம் ஆனதும், சபை எந்தக் கட்டத்தில் இருந்தாலும் நிறுத்திவிடுகிறேன். மசோதா நிறைவேறாமல் போனாலும் பரவாயில்லை. அப்புறம் நாற்காலிகளை வட்டமாகப் போட்டு உட்கார்ந்து பேசுகிறோம். யார் முடிவெடுத்தார்கள்? யாருக்குப் பேசவே வாய்ப்பு வரவில்லை? எந்த விதியை மாற்றியிருந்தால் முடிவு மாறியிருக்கும்?

வரவு செலவுத் திட்ட விளையாட்டிலும் இப்படித்தான். ஒவ்வொரு குழுவுக்கும் 100 புள்ளிகள் கொடுத்து, கல்வி, மருத்துவம், சாலை, காவல், முதியோர் ஓய்வூதியம் என்று பங்கிடச் சொன்னால் பத்தே நிமிடத்தில் முடித்துவிடுவார்கள். அதோடு விட்டால் அது வெறும் கூட்டல் கணக்கு. "எல்லாக் குழுவும் ஓய்வூதியத்துக்குத்தானே ஆகக் குறைவாகக் கொடுத்திருக்கிறீர்கள், ஏன்?" என்று ஒரு முறை கேட்டேன். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு பின் பெஞ்சிலிருந்து ஒரு பையன், "இங்க தாத்தா பாட்டி யாரும் இல்லையே டீச்சர்" என்றான். பிரதிநிதித்துவம் என்ற சொல்லை அன்று நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

அடுத்தது மாதிரித் தேர்தல். பெரும்பாலும் இது வகுப்பில் யார் பிரபலம் என்று பார்க்கும் போட்டியாக முடிந்துவிடுகிறது. சுவரொட்டி, சின்னம், முழக்கம், எண்ணிக்கை, கைதட்டல், முடிந்தது. வாக்கை எண்ணும் விதி என்று ஒன்று இருக்கிறது, அதற்கும் முடிவுக்கும் சம்பந்தம் உண்டு என்பது யார் கண்ணிலும் படுவதில்லை. அதைக் காட்டுவது கஷ்டமே இல்லை.

30 மாணவர்கள் சுற்றுலா போக இடம் தேர்ந்தெடுக்கிறார்கள் என்று வையுங்கள். கடற்கரை, அருங்காட்சியகம், மலை. சீட்டில் மூன்றையும் விருப்ப வரிசையில் எழுதச் சொல்லுங்கள். 12 பேர் கடற்கரை, மலை, அருங்காட்சியகம் என்று எழுதுகிறார்கள். 10 பேர் அருங்காட்சியகம், மலை, கடற்கரை என்று எழுதுகிறார்கள். மீதி 8 பேருக்கு மலை முதலிடம், அடுத்து அருங்காட்சியகம், கடைசியில் கடற்கரை. முதல் விருப்பத்தை மட்டும் எண்ணினால் 12 வாக்கோடு கடற்கரை வெல்லும். கடைசியாக வந்த மலையை நீக்கிவிட்டு மற்ற இரண்டுக்கும் இரண்டாம் சுற்று வைத்தால், மலைக்குப் போட்ட அந்த 8 பேரும் அருங்காட்சியகத்தின் பக்கம் வருவார்கள். 18-க்கு 12 என்று அருங்காட்சியகம் வெல்லும். இரண்டிரண்டாக மோதவிட்டால் மலை கடற்கரையை 18-க்கு 12 என்றும், அருங்காட்சியகத்தை 20-க்கு 10 என்றும் தோற்கடிக்கிறது. அதே 30 சீட்டுகள், மூன்று விதிகள், மூன்று வெற்றியாளர்கள்.

இதை போர்டில் எழுதிக் காட்டும்போது வகுப்பில் எழும் முணுமுணுப்பைக் கேட்க வேண்டும். இது வகுப்பறைக்கென்று செய்த வித்தையும் இல்லை. பிரிட்டனின் மக்களவைத் தேர்தலில் இந்த மூன்றில் முதலாவது விதிதான் நடப்பில் உள்ளது. பிரான்ஸின் அதிபர் தேர்தலில் முதல் சுற்றில் யாரும் பாதிக்கு மேல் பெறாவிட்டால், முதல் இருவருக்கும் இரண்டாம் சுற்று நடக்கிறது. இரண்டிரண்டாக ஒப்பிடும் முறையைப் பிரெஞ்சுக் கணித அறிஞர் கொண்டோர்செ 1785-லேயே ஆராய்ந்தார். "அப்போ எதுதான் சரியான முறை?" என்று கட்டாயம் கேட்பார்கள். அவசரப்பட்டு பதில் சொல்லிவிடாதீர்கள். அடுத்த பீரியடுக்கு அந்த ஒரு கேள்வி போதும்.

விவாத மேடை பற்றிக் கொஞ்சம் நிதானமாகப் பேச வேண்டும். எந்தத் தலைப்பையும் 'ஆதரித்து' 'எதிர்த்து' என்று இரண்டாகப் பிளந்துவிடும் பழக்கம் நமக்கு இருக்கிறது. எல்லாக் கேள்வியும் அப்படிப் பிளக்கத் தக்கதல்ல. பூமி வெப்பமாகிறதா என்பது சான்றுகளால் தீர்ந்த கேள்வி. அதைக் குறைக்கும் செலவை யார் எவ்வளவு ஏற்பது என்பது தீராத கேள்வி. முதலாவதை விவாதத்துக்கு வைத்தால், சான்றைவிடப் பேச்சுத் திறமை பெரியது என்று பிள்ளைகள் எடுத்துக்கொள்வார்கள். இன்னும் மோசம், வகுப்பில் இருக்கிற ஒரு பிள்ளையின் சமூகத்துக்கோ, மதத்துக்கோ, அகதி நிலைக்கோ சம உரிமை வேண்டுமா என்று தலைப்பு வைப்பது. இருபது பேருக்கு அது பேச்சுப் பயிற்சி. அந்த ஒரு பிள்ளைக்கு அது தன்னைப் பற்றிய வாக்கெடுப்பு. தலைப்பைத் தேர்ந்தெடுக்கும் முன் வருகைப் பதிவேட்டை ஒரு தரம் புரட்டிப் பாருங்கள். நான் பார்க்கிறேன்.

திறந்த கேள்விகளில் ஆசிரியர் என்ன செய்வது? தன் கட்சிச் சார்பை நைசாகத் திணிப்பவர்களும் உண்டு, வம்பு வேண்டாம் என்று அரசியலையே தொடாமல் அரசியல் பாடம் நடத்துபவர்களும் உண்டு. இரண்டுமே தவறு. 1976-ல் ஜெர்மனியின் பாய்டல்ஸ்பாக் என்ற ஊரில் நடந்த கருத்தரங்கிலிருந்து மூன்று கொள்கைகள் உருவாயின. மாணவர்களை ஒரு கருத்துக்குள் அமுக்கக் கூடாது. அறிவுலகிலும் அரசியலிலும் சர்ச்சையாக இருப்பது வகுப்பிலும் சர்ச்சையாகவே தெரிய வேண்டும். அரசியல் சூழலில் தன் நலன் எங்கே இருக்கிறது என்று மாணவரே ஆராயப் பழக வேண்டும். இரண்டாவதை நான் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறேன். வகுப்பில் எல்லாரும் ஒரே பக்கம் சாய்ந்தால், ஆளில்லாத மறுபக்கத்தின் வலுவான வாதத்தை நானே எடுத்து வைப்பேன். "டீச்சர், நீங்க எந்தப் பக்கம்?" என்று கேட்டால், பாடம் முடிந்த பிறகு, இது என் கருத்து மட்டுமே என்று சொல்லிவிட்டுச் சொல்வதில் தப்பில்லை. ஆனால் அந்தக் கருத்தோடு ஒத்துப்போனவர்களுக்கு மார்க் கூடக் கூடாது. மதிப்பெண் சான்றுக்கும் காரணம் காட்டுவதற்கும்தான்.

பாத்திரமேற்று நடிப்பதில் ஓர் எல்லை இருக்கிறது. அதை மீறக் கூடாது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. சபை, நீதிமன்றம், பேச்சுவார்த்தை மேஜை போன்ற அமைப்புகளை நடிக்கலாம். கொடுமையை நடிக்க வேண்டாம். அடிமைச் சந்தை, இன ஒதுக்கல், அகதிகளைத் துரத்துவது இதையெல்லாம் பிள்ளைகளை வைத்து நடத்திக் காட்ட வேண்டாம். 1967-ல் கலிஃபோர்னியாவின் பாலோ ஆல்ட்டோவில் ரான் ஜோன்ஸ் என்ற வரலாற்று ஆசிரியர், நாஜி ஆட்சிக்கு மக்கள் எப்படிப் பணிந்தார்கள் என்று புரியவைக்க, வகுப்பில் கடும் ஒழுங்கும் ஒரு வணக்க முறையும் கொண்ட ஓர் இயக்கத்தைத் தொடங்கினார். வேறு வகுப்புப் பிள்ளைகளும் வந்து சேர்ந்தார்கள். ஒருவரையொருவர் காட்டிக்கொடுத்தார்கள். ஒரு வாரத்துக்குள் அவரே அதை நிறுத்த வேண்டியதாயிற்று. இதைத் துணிச்சலான பாடம் என்று புகழ்பவர்கள் உண்டு. எனக்கு அந்த வாரத்தில் காட்டிக்கொடுக்கப்பட்ட பிள்ளைகளின் ஞாபகம்தான் வருகிறது. கடிதம், வாக்குமூலம், புகைப்படம் இவற்றை வைத்தே அந்தக் காலத்தை ஆழமாகப் படிக்க முடியும்.

பேசுகிற அதே ஐந்து பேர் என்பது எல்லா வகுப்பிலும் உள்ள சங்கதி. கேள்வி கேட்டவுடன் கை தூக்கச் சொல்லாமல், இரண்டு நிமிடம் எழுதச் சொல்லி, பக்கத்தில் இருப்பவரோடு பேசவிட்டு, பிறகு பொதுவில் கேட்டாலே பாதி சரியாகிவிடும். வேகமாக அழுத்துபவருக்கு அதிகப் புள்ளி தரும் வினாடி வினாச் செயலிகளை இந்தப் பாடத்தில் நான் தவிர்க்கிறேன். இது யோசித்து, தேவைப்பட்டால் மனதை மாற்றிக்கொள்ள வேண்டிய பாடம்.

கடைசியாக ஒன்று. 'நாளைய குடிமக்களே' என்று பிள்ளைகளை விளித்துப் பேசுவது நமக்கு ஊறிப்போயிருக்கிறது. அவர்கள் இன்றைக்கே குடிமக்கள். ஆஸ்திரியாவில் 2007 முதல் 16 வயதினர் தேசியத் தேர்தலில் வாக்களிக்கலாம். தங்களைப் பாதிக்கும் விஷயங்களில் கருத்துச் சொல்லும் உரிமையை 1989-ஆம் ஆண்டின் ஐ.நா. குழந்தைகள் உரிமை உடன்படிக்கை, பிரிவு 12-இல் தருகிறது. ஆனால் மாணவர் மன்றம் என்று ஒன்றை அமைத்து, விழாவில் மேடையேற்றி, எதையும் முடிவெடுக்க விடாமல் வைப்பது பல பள்ளிகளில் வழக்கம். ரோஜர் ஹார்ட் என்ற ஆய்வாளர் 1992-ல் யுனிசெஃப்புக்காக எழுதியபோது, குழந்தைகளின் பங்கேற்பை எட்டுப் படிகள் கொண்ட ஏணியாக வரைந்தார். அதில் அலங்காரமும் பெயரளவுப் பங்கேற்பும் கீழ் மூன்று படிகளுக்குள் வருகின்றன. அவற்றை அவர் பங்கேற்பாகவே சேர்க்கவில்லை. சின்னதாக இருந்தாலும் நிஜமான முடிவு ஒன்று அவர்கள் கைக்கு வர வேண்டும்.

என் வகுப்பு ஒரு முறை மதிய இடைவேளையில் நூலகத்தைத் திறக்கக் கேட்டது. கோரிக்கை எழுதினார்கள், மறுப்பு வந்தது. காரணம் கேட்டுப் போனார்கள், பார்த்துக்கொள்ள ஆளில்லை என்று தெரிந்தது. முறை வைத்துத் தாங்களே பொறுப்பேற்பதாக ஒரு பட்டியல் போட்டுத் திரும்பப் போனார்கள். ஐந்து நாள் கேட்டதற்கு இரண்டு நாள் கிடைத்தது. எந்த இரண்டு நாள் என்று தீர்மானிக்க நான் கை தூக்கச் சொன்னேன். முன் வரிசையில் ஒருத்தி எழுந்து, "எப்படி எண்ணப் போறோம்னு முதல்ல முடிவு பண்ணிடலாம் டீச்சர்" என்றாள்.