ஒயின் வாரிய இயக்குநருக்கு: சொந்த நலன் குறுக்கிடும்போது

ஒயின் ஆஸ்திரேலியா அந்நாட்டு ஒயின் துறைக்காக 2013 சட்டத்தின்படி இயங்கும் அரசு நிறுவனம்; அதற்கு ஓர் இயக்குநர் வாரியம் உண்டு. திராட்சை விவசாயிகளும் ஒயின் ஆலைகளும் கட்டும் தீர்வைதான் அதற்கு முக்கிய வருமானம். ஆராய்ச்சிச் செலவுக்கு அரசும் இணையாகப் பணம் தருகிறது. இயக்குநருக்கே தோட்டமோ ஆலையோ இருப்பது சகஜம். சிக்கலும் அங்கேதான்: வாரிய முடிவு அவர் சொந்தத் தொழிலையே தொடலாம்.

கூட்டத் தாள்கள் கைக்கு வந்ததும் முதலில் வரவு செலவைப் புரட்டாதீர்கள். ஒவ்வொரு அஜெண்டாவையும் உங்கள் சொத்து, பங்கு, குடும்பத் தொழிலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். எதுவும் உங்கள் நலனோடு மோதினால் வாரியத் தலைவருக்கு அன்றே எழுதுங்கள். கூட்டத்திலும் வாய்விட்டுச் சொல்லுங்கள். வாரியம் விலக்கு தராவிட்டால் அந்த விவாதத்தில் இருக்கவும் கூடாது, வாக்களிக்கவும் கூடாது. இணையவழிக் கூட்டமென்றால் கேமராவை அணைத்துவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டிருப்பது வெளியேறியதாகாது, இணைப்பையே துண்டியுங்கள்.

பெரும்பாலும் கோட்டைவிடுவது மினிட்ஸில், அதாவது கூட்டப் பதிவில்தான். ‘நலனைத் தெரிவித்தார்’ என்ற ஒற்றை வரி தணிக்கையில் நிற்காது. இப்படி இருக்கட்டும்: ‘அஜெண்டா 6, நோய் எதிர்ப்பு ரக ஆய்வு. இயக்குநரின் தோட்டம் சோதனைக் களங்களில் ஒன்று. 10.40க்கு வெளியேறினார், 11.05க்குத் திரும்பினார். வாக்களிக்கவில்லை.’

பிறகு பணம். திராட்சைத் தீர்வை டன் கணக்கில் வசூலாவதால் விளைச்சல் சரிந்தால் வருமானமும் சரியும்; பல ஆண்டு ஆய்வு ஒப்பந்தங்களோ அப்படியே நிற்கும். புதுத் திட்டத்துக்குக் கை தூக்கும் முன், மோசமான அறுவடை ஒன்றைக் கையிருப்பு தாங்குமா என்று நிதி அதிகாரியிடம் கணக்குக் கேளுங்கள்.